ஊருக்குக் கொடுத்த வார்த்தை

மூக்கில் செருகியிருந்த குழாயை அப்பா மறுபடியும் பிடுங்கப் பார்த்தபோது சின்னவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வெறும் எலும்பும் தோலுமான கை. ஆனாலும் எங்கிருந்தோ அதில் ஒரு பலம் வந்திருந்தது.

"விடுங்கப்பா. அது இல்லாம மூச்சு விட முடியாது."

அவர் காதில் வாங்கவில்லை. வார்டின் கோடிச் சுவரில் மாட்டியிருந்த டிவியின் மேலேயே கண் நிலைகுத்தி இருந்தது. மாலைச் செய்தி முடியப்போகிற நேரம். கட்டில்களில் பேச்சு அடங்கியது. ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தவள் உரிப்பதை நிறுத்தினாள். செய்தி வாசித்த பெண் காகிதங்களை அடுக்கி வைத்துவிட்டுத் தலைகுனிய, திரையில் கொடி பறந்தது. ஒரு சின்னச் செருமல் கேட்டது. பிறகு அந்தக் குரல்.

"ஆண்டவன் நம் நாட்டை ஆசீர்வதித்து, காத்து, கரைசேர்க்கட்டும்."

வார்டு முழுக்க முணுமுணுப்பாக அதைத் திருப்பிச் சொன்னது. பக்கத்துக் கட்டிலில் காலில் மாவுக்கட்டுப் போட்டுக் கிடந்த லாரி டிரைவர், "நாடு இருக்கட்டும், முதல்ல என் காலக் கரைசேர்க்கச் சொல்லுங்க" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் தங்களோடு ஒரே கூரையின் கீழ் எண்பத்து நாலு வயதில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருப்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

அப்பாவின் உதடு அசைந்தது. சின்னவள் குனிந்தாள்.

"பசங்கள எந்திரிச்சுப் போகச் சொல்லு."

"எந்தப் பசங்கப்பா?"

"ஒரே எடத்துல உக்காந்திருக்காங்க பாரு. எந்திரிக்கச் சொல்லு. தள்ளித் தள்ளி உக்காரச் சொல்லு."

அவர் விரல் காட்டிய இடத்தில் சுவரும், அதன் மேல் கொடி மறைந்து சோப்பு விளம்பரம் ஓடும் டிவியும்தான் இருந்தன. "சரிப்பா, சொல்லிட்டேன், போயிட்டாங்க" என்றாள் அவள். அவர் நம்பவில்லை. நம்பாத பார்வையோடு அவளைப் பார்த்தார், சின்ன வயதில் அவள் பொய் சொன்னால் பார்ப்பாரே, அதே மாதிரி.

நர்ஸ் வந்து காய்ச்சல் பார்த்தாள். "ஏறியிருக்கு. அதான் ஏதேதோ தெரியுது அவருக்கு" என்றவள், போகாமல் அங்கேயே நின்றாள். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. இவருதானே அவரு? பேர் எழுதறப்போ பார்த்தேன்."

சின்னவள் தலையாட்டினாள்.

"என் தம்பி எல்லையில இருக்கான். ஐயா ஒரே ஒரு தடவ அந்த வார்த்தைய அவனுக்காகச் சொன்னாருன்னா, போன்ல பதிஞ்சு அனுப்பிடுவேன். அவன் நம்பவே மாட்டான்."

அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கேட்டுவிட்டது என்பது அந்தத் திருப்பலிலேயே தெரிந்தது. நர்ஸின் முகம் வாடிப்போயிற்று.

"இன்னொரு நாள் சொல்வாரு" என்றாள் சின்னவள்.

இன்னொரு நாள் வாய்க்கவில்லை. மறுநாள் காலை, வார்டைத் துடைக்கிறவள் "காலக் கொஞ்சம் தூக்குங்கம்மா" என்று சொல்லி, சின்னவளும் அம்மாவும் கால்களைத் தூக்கி உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில், அப்பாவின் மூச்சு நின்றிருந்தது. அம்மா அவருக்காகத் திறந்த பிளாஸ்க்கின் மூடியை மறுபடி திருகி மூடினாள். இறுக மூடினாள். ஈரத்தரை காய்கிற வரைக்கும் யாரும் எழுந்திருக்கவில்லை.

*

பெரியவன், சின்னவள் என்று வீட்டில் இரண்டே பிள்ளைகள். பெரியவன் போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும், கண்ணாடிக் கடை வைத்து ஊரில் பாதிப் பேருக்கு மூக்குக்கண்ணாடி போட்டுவிட்ட பிறகும், தலை நரைத்த பிறகும் சின்னவள் இன்னும் சின்னவள்தான். அப்பாவுக்கு மட்டும் வீட்டுக்கு வெளியே வேறு பெயர் இருந்தது. 'ஆசீர்வாதம்' என்றால் நாட்டில் தெரியாதவர் கிடையாது.

அந்தப் பெயர் வந்த கதையை அவள் பல பேர் வாயால் பல விதமாகக் கேட்டிருக்கிறாள். நடந்தது இவ்வளவுதான். சண்டை தொடங்கிய சமயம். அப்பா ரேடியோவில் மாலைச் செய்தி வாசிப்பவர். பெரியவன் பட்டாளத்தில் சேர்ந்து, ஒருநாள் காலை பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். அம்மா வாசல்வரை வந்து, அவன் உச்சியில் கைவைத்து, "ஆண்டவன் உன்ன ஆசீர்வதிச்சு, காத்து, கரைசேர்க்கட்டும்" என்றாள். அம்மா எங்கிருந்தும் படித்த வார்த்தை இல்லை. அப்போது வாயில் வந்தது. பெரியவன், "நான் என்ன நீஞ்சியா போறேன்?" என்று கிண்டல் செய்துவிட்டுப் போனான். சின்னவள் பள்ளிக்கூட உடையில் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலைச் செய்தியின் முடிவில் அப்பா ஒரு தரம் செருமினார். பிறகு அதையே சொன்னார், 'உன்ன' இருந்த இடத்தில் 'நம் நாட்டை' என்று போட்டு. அடுப்படியில் ரேடியோ வைத்துக் காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். வீட்டுக்கு வந்த அப்பாவிடம், "அது நான் காலையில பெரியவனுக்குச் சொன்னதுல்ல?" என்று கேட்டாள்.

"தாள் சீக்கிரம் முடிஞ்சிருச்சு. நேரம் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. வாயில வந்துருச்சு."

அம்மா அன்றைக்குச் சிரிக்கத்தான் செய்தாள். கொஞ்சம் பெருமைகூட.

தீ மாதிரிப் பரவியது அந்த வார்த்தை. மேடையில் பேசுகிறவன் அதைச் சொல்லி முடித்தால்தான் கைதட்டல் வந்தது. சண்டை வேண்டும் என்றவனும் சொன்னான், வேண்டாம் என்றவனும் சொன்னான். பள்ளிக்கூடத்தில் காலை வணக்கத்துக்குப் பிறகு பிள்ளைகள் கோரஸாகச் சொன்னார்கள், அந்தச் செருமலையும் சேர்த்து. பஸ்களின் முதுகில் எழுதினார்கள். நாள்பட நாள்பட அது தேய்ந்து அன்றாடப் பேச்சுக்குள் இறங்கிவிட்டது. ஜனங்கள் போனை வைக்கும்போது "கரைசேரட்டும்" என்றார்கள். பரீட்சைக்குப் போகிறவனுக்கும் கரைசேரட்டும், கடனுக்குச் சாமான் வாங்கிப் போகிறவன் முதுகுக்கும் கரைசேரட்டும். மழைநாளில் பஸ் கிளம்ப மறுத்தால் கண்டக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு அப்பா குரலிலேயே சொல்லுவார், பஸ் முழுக்கச் சிரிக்கும்.

பெரியவன் பெட்டியில் வந்தான். திறக்கக்கூடாது என்று சொல்லி ஒப்படைத்தார்கள். அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று மாலையே அப்பா சட்டை மாற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். சொன்னார். குரல் உடையவில்லை. நாடே அதைப் பேசிற்று. எப்படிப்பட்ட மனுஷன் பார், சொந்த மகனை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்து நாட்டை ஆசீர்வதிக்கிறான் என்று.

அம்மா அடுப்படி ரேடியோவை எடுத்துப் பரண்மேல் போட்டாள். ஒரே ஒரு முறைதான் சின்னவளிடம் அதைப் பற்றி வாய்விட்டுப் பேசினாள். "என் புள்ளைக்குன்னு சொன்னத எடுத்து ஊருக்கே பங்கு வச்சிட்டாரு. ஊரெல்லாம் போத்திக்கிச்சு. அவன் வெறுங்கையோட நின்னான்." அதற்குப் பிறகு அம்மா யாரையும் ஆசீர்வதித்ததில்லை. கல்யாணத்துக்கு வந்த பிள்ளைகள் குனிந்து நின்றால் தோளைத் தட்டி, "சாப்பிட்டுட்டுப் போ" என்பாள். சின்னவள் ஊருக்குக் கிளம்பும்போது, "சரி" என்பாள். அவ்வளவுதான்.

பெட்டி வந்த சில மாதங்களில் அப்பா வேலையை விட்டுவிட்டார். ஐம்பதுகூட ஆகாத மனுஷன் ஏன் விட்டார் என்று யாருக்கும் தெரியவில்லை. "வெக்கம் வந்திருக்கும், லேட்டா" என்றாள் அம்மா. அவர் விட்டாலும் நிலையம் விடவில்லை. டேப்பில் இருந்த குரலைத் தினமும் போட்டார்கள், டிவி வந்த பிறகு அதிலும் போட்டார்கள். அந்த நேரமானால் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பிவிடுவார். வீடுகள் தாண்டி, தண்ணீர்த் தொட்டி தாண்டி, காதுக்கு ரேடியோ எட்டாத வெட்டவெளிக்கு. டாக்டர் சொன்னதற்காக நடக்கிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். மழையிலும் போவார்.

*

கூடத்தில் மேசைகளை ஒதுக்கி அவரைப் படுக்க வைத்திருந்தார்கள். மதியத்திலிருந்து ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். வந்த அத்தனை பேரும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றையே சொன்னார்கள்.

"ஐயா கரைசேர்ந்துட்டாரு."

அண்டை வீட்டுத் தையல்காரர் சொன்னார், பால் ஊற்றுகிறவர் சொன்னார், யாரென்றே தெரியாத ஓர் அம்மாள் சொல்லிவிட்டு அழுதாள். சின்னவள் ஒவ்வொருவருக்கும் தலையாட்டினாள். ஒரு கட்டத்தில் அந்த வார்த்தை வெறும் சத்தமாகக் கேட்கத் தொடங்கியது, குழாயில் தண்ணீர் சொட்டுகிற மாதிரி. அம்மா கூடத்துக்கு வரவில்லை. அடுப்படியில் நாற்காலி போட்டு, ஏற்கெனவே கழுவிய டம்ளர்களை மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

ரேடியோ நிலைய இயக்குநர் நாலு மணிக்கு வந்தார். அப்பாவோடு வேலை பார்த்தவர் இல்லை, அவருக்கு அடுத்ததற்கும் அடுத்த தலைமுறை. நல்ல மனிதர். மடித்த கொடி ஒன்றை இரு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"அம்மாவ ஒரு நிமிஷம் பாக்கணும்" என்றார்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படி வாசலுக்கு வந்து நின்றாள்.

"அரசு மரியாதையோட அடக்கம் பண்ணணும்னு மேலிடத்துல சொல்லியிருக்காங்கம்மா. கல்லுல ஐயாவோட வார்த்தையவே பொறிக்கலாம்னு யோசன. உங்க சம்மதம் வேணும்."

"எந்த வார்த்தைய?"

இயக்குநர் சங்கடமாகச் சிரித்தார். "வேற எதம்மா? அவரு வார்த்தைதான்."

"அது அவரு வார்த்த இல்லீங்க."

இயக்குநர் சின்னவளைப் பார்த்தார். சின்னவள் தரையைப் பார்த்தாள். துக்கத்தில் வயதானவர்கள் இப்படித்தான் ஏதாவது பேசுவார்கள் என்று அவராகவே முடிவு செய்துகொண்டு, "உண்மைதாம்மா. அது நம்ம எல்லாரோட வார்த்தையும் ஆயிடுச்சு" என்றார்.

அம்மா அவர் கையிலிருந்த கொடியைப் பார்த்தாள்.

"போட்டுக்குங்க" என்றாள். "குடுத்தது குடுத்ததுதானே."

திரும்பி உள்ளே போய்விட்டாள். தண்ணீர் விழுகிற சத்தம் மறுபடி கேட்டது.

மாலை ஆனது. சின்னவளுக்கு அந்த நேரம் ஒன்று வரப்போகிறது என்பது கொஞ்சமும் ஞாபகம் இல்லை. அப்பாவின் காலருகே உட்கார்ந்து போர்வையின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். தையல்காரர் வீட்டில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டிலும். அன்றைக்கு அப்பாவைப் பற்றித்தான் நிறையச் சொன்னார்கள், பிறந்தது, சேர்ந்தது, மகனை இழந்தது. தெருவில் எல்லாரும் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார்கள். மரியாதைக்காகத்தான்.

செருமல் கேட்டது.

கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஜன்னல் வழியாகவும் வாசல் வழியாகவும், இடப்பக்கச் சுவருக்கு அப்பாலிருந்தும், எதிர்வீட்டு மாடியிலிருந்தும், வீட்டுக்கு வீடு இம்மி பிந்தி, அப்பா பேசினார். "ஆண்டவன் நம் நாட்டை..." நாற்பது வயதைத் தாண்டிய, ஆரோக்கியமான, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்த குரல். மூச்சு எங்கே விடுகிறார் என்பதுகூடக் கேட்டது. சின்னவள் தன்னையறியாமல் அவர் வாயைப் பார்த்தாள். தாடை தொங்கிவிடாமல் கட்டியிருந்த துணி அசையவே இல்லை. வாழ்நாளில் முதல்தடவையாக அந்த நேரத்துக்கு அவர் வீட்டில் இருக்கிறார் என்று தோன்றியது. எழுந்து போக முடியாமல், செருப்பு மாட்ட முடியாமல்.

அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள். நிற்கிற ஆட்களை விலக்கிக்கொண்டு போய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். கொக்கி மாட்டினாள். கடைசி ஜன்னலைச் சாத்தியபோது வார்த்தை முடிந்திருந்தது. நின்றவர்கள் எல்லாரும் தாழ்ந்த குரலில் அதைத் திருப்பிச் சொன்னார்கள். மூடிய அறைக்குள் அது இன்னும் கனமாகக் கேட்டது.

*

மறுநாள் காலை தூறலில் அடக்கம் நடந்தது. முழங்கால் வலியோடு அம்மாவால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது, வீட்டிலேயே இருந்துவிட்டாள். பெட்டியின் மேல் விரித்திருந்த கொடியை, இறக்குவதற்கு முன் எடுத்து, இயக்குநர் சின்னவளிடம் தந்தார். நனைந்திருந்தது. மடித்துத் தரவேண்டிய முறை ஏதோ இருந்திருக்கும். தூறல் வலுத்ததால் அவசரமாகச் சுருட்டித் தந்துவிட்டார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு ஒருவர் மட்டும் கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றார். அறுபது வயது இருக்கும். கனத்த உடம்பு, முன்கையெல்லாம் பழைய தீக்காயத் தழும்பு. சின்னவள் கிட்டே வந்ததும் குடையை அவள் பக்கம் நீட்டினார்.

"நான் உங்க அண்ணன்கூட இருந்தவன். எங்க முகாமுக்குச் சமையல்காரன் நான்தான். இப்ப ஒரு மில்லுல கேண்டீன் நடத்தறேன்."

அண்ணனோடு இருந்தவர் என்று இத்தனை வருஷத்தில் யாரும் வந்ததில்லை. அவள் குடைக்குள் வந்தாள். "வாங்க" என்றாள். இருவரும் ஒரு குடையில் வீட்டை நோக்கி நடந்தார்கள்.

"தான் நல்லாப் பாடறதா அவனுக்கு ஒரு நினைப்பு" என்றார் சமையல்காரர். "சுமாராக்கூடப் பாடமாட்டான். ஆனா யாரும் சொல்றதில்ல."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. "வீட்லயும் யாரும் சொன்னதில்ல."

"சாயங்காலம் செய்தி வரும்போது எங்க ஆளுங்க எல்லாம் ரேடியோவச் சுத்தி உக்காந்துருவாங்க. உங்கப்பா குரலுக்காக. முதல்ல ஒரு செருமல் வருமில்ல? அது வந்ததும் இவன் முழங்கையால இடிப்பான் என்னை. 'இது எனக்கு'ம்பான். அப்புறம் அந்த வார்த்த வரும். அவன் சிரிச்சுக்கிட்டே இருப்பான். 'எங்கம்மா சொல்றதுடா இது, எங்கப்பா தினம் எனக்கு அனுப்பறாரு. ஊரே தனக்குன்னு நினைச்சுட்டு இருக்கு'ம்பான்."

சின்னவள் நின்றுவிட்டாள். குடை இரண்டடி முன்னே போய்த் திரும்பி வந்தது.

"அனுப்பறாருன்னா?"

"ஒரு தடவ லீவுல வந்தான்ல, அப்ப உங்கப்பாவே சொன்னாராம். 'தினமும் உங்கம்மா வார்த்தையச் சொல்றேன், செருமினா உனக்குன்னு வச்சுக்கோ'ன்னு. ரேடியோல சொந்த விஷயம் பேசினா வேலை போயிருமாம். அம்மாகிட்டயும் சொல்லாதேன்னாராம். தெரிஞ்சா சந்தோஷத்துல தெருவுக்கே சொல்லிடுவாங்கன்னு."

தூறல் குடைத்துணியில் பொரிந்தது. சின்னவள் கையிலிருந்த ஈரக்கொடி கனத்தது. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"இத நீங்க முன்னாடியே வந்து சொல்லியிருக்கலாமே. அப்பா இருக்கும்போதே."

சமையல்காரர் தெருவோரத்தில் மூடியிருந்த ஒரு கடையின் சார்ப்புக்குக் கீழே ஒதுங்கி, குடையை மடக்கி உதறினார்.

"அவரு இருக்கற வரைக்கும்தான் வரமுடியல" என்றார். "இவ்வளவு சொன்னா மிச்சத்தையும் சொல்லணும்."

அவளும் சார்ப்புக்குள் ஏறி நின்றாள்.

"அந்த நேரத்துக்கு எங்க ஆளுங்க எல்லாரும் ஒரே எடத்துல கூடிருவாங்கன்னு எதிர்ப்பக்கத்துக்குத் தெரிஞ்சுபோச்சும்மா. அவங்ககிட்டயும் ரேடியோ இருந்துச்சே. செய்தி முடியற நேரம் அவங்களுக்கும் தெரியும், அதுக்குக் குறி வச்சாங்க. அன்னிக்கு எனக்கு அடுப்புல தண்ணி கொதிச்சுட்டு இருந்துச்சு, விட்டுட்டு வர முடியல. செருமல் கேட்டுச்சு. 'ஆண்டவன்'னு கேட்டுச்சு. அதுக்கு மேல எனக்குக் கேக்கல." முன்கைத் தழும்பைத் தடவிக்கொண்டார். "கொதிக்கற தண்ணி என்மேல கவுந்ததே எனக்கு அப்புறந்தான் தெரியும்."

எதிரே ஒரு பஸ் போயிற்று. அதன் முதுகில் எழுதியிருந்ததைச் சின்னவள் படிக்கவில்லை, ஆனால் என்ன எழுதியிருக்கும் என்று தெரியும்.

"இந்தப் பாவத்த அவரு தலையில ஏத்தக்கூடாதுன்னு இருந்தேன். ஆனா எங்க அதிகாரி ஒருத்தரு அப்பவே நிலையத்துக்குப் போயி, இனிமே அந்த நேரத்த மாத்துங்கன்னு கேட்டாருன்னு பின்னால கேள்விப்பட்டேன். உங்கப்பாவப் பாத்தாரா, என்ன காரணம் சொன்னாருன்னு எனக்குத் தெரியாது. உங்கப்பாவுக்குத் தெரியாம இருந்திருக்கணும்னு வேண்டிக்கிட்டிருந்தேன்."

*பசங்கள எந்திரிச்சுப் போகச் சொல்லு.*

சின்னவள் கடையின் இரும்புக் கதவில் சாய்ந்தாள். தெரிந்திருந்தது. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வேலையை விட்டவர், மழையில் நடந்தவர், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டவர். மனைவி முகத்துக்கு நேரே 'வெக்கம்' என்று சொன்னபோதும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்தவர். பாதியைச் சொன்னால் மீதியும் வெளியே வந்துவிடும் என்று இரண்டையும் விழுங்கிவிட்டார். அவளுக்கு அழுகை வரவில்லை. வார்டில் "போயிட்டாங்க" என்று அலட்சியமாகச் சொன்னது மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது. இன்னும் கொஞ்சம் நம்பும்படியாகச் சொல்லியிருக்கலாம்.

சமையல்காரர் வீட்டு வாசல்வரை வந்தார், உள்ளே வர மறுத்துவிட்டார். "அம்மாகிட்ட எதச் சொல்லணும், எத வேணாம்னு நீங்க பாத்துக்குங்க" என்றவர், வழக்கமாக எல்லாரும் விடைபெறும் வார்த்தைக்கு வாயெடுத்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். "வரேம்மா" என்றார்.

*

மதியத்துக்குள் தூறல் விட்டு வெயில் வந்தது. சின்னவள் கொடியைப் பின்கட்டுக் கொடிக்கயிற்றில் உலர்த்தியிருந்தாள். துண்டுகளுக்கும் தலையணை உறைகளுக்கும் நடுவே அது பாட்டுக்குத் தொங்கியது. இரவல் வாங்கிய நாற்காலிகளை வண்டிக்காரர் எடுத்துப்போனார். கூடம் காலியாக, எதிரொலிக்கிற மாதிரி ஆயிற்று.

அம்மா பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"வாசல் வரைக்கும் உன்கூட வந்தாரே, யாரு அவரு?"

"பெரியவன்கூட இருந்தவராம்மா. அங்க சமையல்காரரு."

அம்மாவின் முகத்தில் எதுவும் மாறவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டிருந்த கை மட்டும் நின்றது.

"என்ன சொன்னாரு?"

சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சொன்னாள். பாட்டுப் பாடினது, முழங்கையால் இடித்தது, செருமல், லீவில் வந்தபோது அப்பா சொன்னது, 'இது எனக்கு' என்றது. மெதுவாக, ஒன்றையும் விடாமல் சொன்னாள், சொல்லவேண்டிய இடம்வரை.

"எங்கிட்ட ஏன் சொல்லலியாம்?" என்றாள் அம்மா.

"சந்தோஷத்துல நீங்க தெருவுக்கே சொல்லிடுவீங்கன்னு."

அம்மாவின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, வேறு எதுவுமா என்று சொல்ல முடியாது. "சொல்லியிருப்பேன்தான்" என்றாள். அப்புறம் தன் கைகளைப் பார்த்தாள், உள்ளங்கையும் புறங்கையுமாக. "அதுக்கப்புறமாவது சொல்லியிருக்கலாம். அவன் போனதுக்கு அப்புறமாவது. நான் எவ்வளவு பேசினேன் அந்த மனுஷன."

சின்னவள் எதிர்ச்சுவரைப் பார்த்தாள்.

"வேற என்ன சொன்னாரு?"

கயிற்றில் துணிகள் படபடத்தன. பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் துலக்கினார்கள். அம்மா திரும்பி, நேராக அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவள் போட்டுவிட்ட கண்ணாடி வழியாகத்தான் பார்த்தாள். எல்லாம் தெளிவாகத் தெரிகிற கண்ணாடி.

"வேற ஒண்ணும் இல்லம்மா."

அம்மா பார்வையை எடுக்கவில்லை. பிறகு எடுத்தாள். கைப்பிடியைப் பற்றி எழுந்து, கயிற்றருகே போய்க் கொடியைத் தொட்டுப் பார்த்தாள். "காஞ்சுருச்சு" என்றாள். "வா, மடிக்கலாம்."

பெரிய கொடி. ஒற்றை ஆளால் முடியாது. ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்துக்கொண்டு, முற்றத்தின் இந்தக் கோடியில் ஒருத்தியும் அந்தக் கோடியில் ஒருத்தியுமாக நின்று இழுத்து உதறினார்கள். நீளவாக்கில் பாதியாக்கினார்கள். மறுபடி பாதி. சின்னவள் தன் முனையை எடுத்துக்கொண்டு அம்மாவை நோக்கி நடந்தாள். முனையோடு முனை சேர்ந்தபோது இருவர் விரல்களும் பட்டன. அம்மா விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"சிரிச்சானாமா?"

"ஆமாம்மா. தினமும் சிரிப்பானாம்."

அம்மா குனிந்து துணியின் ஓரத்தைப் பார்த்தாள். கட்டைவிரலால் ஒரு சுருக்கத்தை நீவினாள். அது போகவில்லை.

"ஓரம் சரியா சேரல" என்றாள். "பிரி. முதல்லேருந்து மடிப்போம்."

சின்னவள் தன் முனைகளைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தாள்.